யோஹான் பிளேக்கின் ஓட்ட வாழ்க்கை: கேள்விகளும் பதில்களும்

ஜமைக்காவின் குறுந்தூர ஓட்டக்காரர் யோஹான் பிளேக்கைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இவருடைய ஓட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன் என்பதே இதற்கு எனக்குள்ள தகுதி. 21 வயதில் உலகின் வேகமான மனிதர் என்ற பட்டத்தை வென்ற ஒருவரைப் பலரும் ‘உசைன் போல்ட்டின் நிழலில் நின்றவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். அவ்வருத்தம் சில பதில்களில் தெரியக்கூடும்.

கேள்வி: பிளேக் முதலில் கிரிக்கெட் வீரராகத்தான் விரும்பினார் என்று படித்தேன். அது உண்மையா?

உண்மைதான். 1989 டிசம்பர் 26 அன்று, ஜமைக்காவின் வடமேற்கில் மாண்டிகோ பே நகரை உள்ளடக்கிய செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் அவருடைய ஆசையெல்லாம் வேகப்பந்து வீச்சின் மீதுதான் இருந்தது. பந்து வீச அவர் ஓடி வரும் வேகத்தைக் கண்ட பள்ளித் தலைமையாசிரியர்தான் தடகளத்தை முயன்று பார்க்கும்படி சொன்னார் என்பதைப் பிளேக்கே பேட்டிகளில் கூறியிருக்கிறார். உலகச் சாம்பியன் ஆன பிறகும் கிரிக்கெட்டை அவர் விடவில்லை. ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றால் மட்டையையும் பந்தையும் எடுப்பேன் என்று பலமுறை சொன்னவர் அவர்.

கேள்வி: ஜமைக்காவில் பள்ளிப் போட்டிகளே பெரிய திருவிழா என்கிறார்களே, பிளேக்கை உருவாக்கியதில் அவற்றின் பங்கு என்ன?

மிகப் பெரிய பங்கு. ‘சாம்ப்ஸ்’ என்று அந்நாட்டு மக்கள் சுருக்கமாக அழைக்கும் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி 1910இல் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. 1999 முதல் சிறுவர்களும் சிறுமியரும் ஒன்றாகவே பங்கேற்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கம் பள்ளி வண்ணங்களாலும் மேளச் சத்தத்தாலும் நிரம்பிவிடும். வேறு நாடுகளில் ஒரு பதினாறு வயதுப் பையன் நூறு பேர் முன்னிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அங்கே அதே வயதுப் பையன் பல்லாயிரம் பேர் தன் பள்ளியின் பெயரைக் கூவும் இரைச்சலுக்கு நடுவே தொடக்கக் கட்டையில் கால் வைக்கிறான். ஒலிம்பிக் அரங்கு அவனை மிரள வைக்காததற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிளேக் படித்தது ஸ்பானிஷ் டவுன் நகரின் செயின்ட் ஜாகோ உயர்நிலைப் பள்ளியில். சாம்ப்ஸ் முடிந்தவுடன் ஈஸ்டர் விடுமுறையில் கரீபிய நாடுகளின் இளையோர் மோதும் காரிஃப்டா போட்டி வரும். 2007ஆம் ஆண்டு அப்போட்டியில் அவர் 100 மீட்டரை 10.11 விநாடியில் ஓடி ஜமைக்காவின் இளையோர் சாதனையைப் படைத்தார். அப்போது அவருக்கு வயது 17. அதற்கு முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெண்கலமும், 2008இல் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றிருந்தார். ஆகவே 2011இல் அவர் திடீரென்று முளைத்தவர் அல்லர். கரீபியத் தடகளத்தைக் கவனித்தவர்களுக்கு அவர் ஏற்கெனவே பழகிய பெயர்.

கேள்வி: ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்டவரை நீங்கள் இவ்வளவு உயர்த்திப் பேசுவது சரியா?

கேட்க வேண்டிய கேள்விதான், இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. 2009 ஜூனில் ஜமைக்காவின் தேசியத் தேர்வுப் போட்டியின்போது எடுக்கப்பட்ட மாதிரிகளில், பிளேக் உட்படச் சிலருடைய மாதிரிகளில் மெத்தில்ஹெக்சனமின் வகையைச் சேர்ந்த ஒரு கிளர்ச்சியூட்டி கண்டறியப்பட்டது. அந்தப் பொருள் அன்றைய தடைப்பட்டியலில் பெயரோடு குறிப்பிடப்படவில்லை; ஆனால் பட்டியலில் இருந்த மற்றொரு பொருளை வேதியமைப்பில் ஒத்திருந்தது. அதனால் முதல் விசாரணையில் விடுவிக்கப்பட்ட வீரர்கள், மேல்முறையீட்டில் மூன்று மாதத் தடையைப் பெற்றார்கள். அந்த ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் ஓடும் வாய்ப்பும் பிளேக்குக்கு அதனால் பறிபோனது.

தண்டனையின் அளவே குற்றத்தின் அளவையும் ஓரளவு சொல்கிறது என்பது என் கருத்து. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டுகளுக்கு அன்று இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டு வந்தது. இங்கே விதிக்கப்பட்டது மூன்று மாதம். இருந்தாலும் தன் உடலுக்குள் என்ன செல்கிறது என்பதற்கு வீரரே பொறுப்பு என்ற விதி அவருக்கும் பொருந்தும், அந்தக் கறை அவருடைய வரலாற்றின் ஒரு பகுதி. அதற்குப் பின் அவர் பெற்ற பதக்கம் எதுவும் பறிக்கப்படவில்லை என்பதும் அதே வரலாற்றின் ஒரு பகுதிதான்.

கேள்வி: தேகு நகரில் போல்ட் தவறாகப் புறப்பட்டு வெளியேறியதால் கிடைத்த தங்கத்தைப் பிளேக்கின் வெற்றி என்று எப்படிச் சொல்ல முடியும்?

2011 ஆகஸ்ட் 28 அன்று தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த 100 மீட்டர் இறுதியாட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் விதி கடுமையாக்கப்பட்டிருந்தது. முன்பெல்லாம் முதல் தவறான தொடக்கத்துக்கு எச்சரிக்கை மட்டும்தான். 2010 முதல் வெடிச்சத்தத்துக்கு முன் ஒரு முறை புறப்பட்டாலே வெளியேற்றம். போல்ட் அப்படித்தான் வெளியேறினார். அரங்கமே அதிர்ந்து அடங்கிய சில நிமிடங்களில், அந்தப் பதற்றத்தை உதறிவிட்டு, மற்ற எழுவரும் அதே கட்டையில் மறுபடி குனிய வேண்டியிருந்தது.

பிளேக் ஓடிய நேரம் 9.92 விநாடி. அன்று அடித்த எதிர்க்காற்றின் வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். காற்றில்லாத நாளில் அதே ஓட்டம் 9.85க்கு அருகில் வந்திருக்கும். இரண்டாமிடம் பெற்ற வால்டர் டிக்ஸ் 10.08, மூன்றாமிடம் பெற்ற 35 வயது கிம் காலின்ஸ் 10.09. உலக இறுதியாட்டத்தில் 0.16 விநாடி இடைவெளி என்பது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரம். அப்போது பிளேக்குக்கு 21 வயது. ஆண்கள் 100 மீட்டரில் அவரைவிடக் குறைந்த வயதில் யாரும் உலகச் சாம்பியன் ஆனதில்லை. 1983இல் முதல் உலகப் போட்டியை வென்றபோது கார்ல் லூயிஸுக்கு 22 வயது. போல்ட் ஓடியிருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் நிறுவ முடியாது. ஆனால் ஓட்டத்தில் புறப்படுவதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. அதைச் சரியாகச் செய்தவர் வென்றார்.

கேள்வி: போல்ட்டும் பிளேக்கும் ஒரே பயிற்சியாளரிடம் பயின்றார்களாமே? போட்டியாளர்கள் இருவர் ஒன்றாகப் பயிற்சி செய்வது இடைஞ்சலாக இருக்காதா?

கிங்ஸ்டனில் மோனா பகுதியில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் ரேசர்ஸ் தடகளக் கழகம் இயங்குகிறது. கிளென் மில்ஸ் அங்கே இருவருக்கும் பயிற்சியளித்தார். தினமும் பக்கத்துத் தடத்தில் உலகச் சாதனையாளரை வைத்துக்கொண்டு ஓடுகிற இளைஞனுக்குத் தன் குறை என்ன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சியில் பிளேக் காட்டிய வெறியைப் பார்த்து ‘தி பீஸ்ட்’, அதாவது மிருகம், என்ற பட்டப்பெயரைச் சூட்டியவரே போல்ட்தான். வீரர்களை அறிமுகப்படுத்தும்போது பிளேக் விரல்களை நகங்கள்போல் மடக்கிக் காட்டுவது அந்தப் பெயரையொட்டி வந்த பழக்கம்.

உடலமைப்பில் இருவரும் நேர் எதிர். 195 செ.மீ. உயரமுள்ள போல்ட் 100 மீட்டரை ஏறத்தாழ 41 எட்டுகளில், அதாவது காலடிகளில், கடப்பார். 180 செ.மீ. உயரமுள்ள பிளேக்குக்கு ஏறத்தாழ 46 எட்டுகள் தேவை. அதே நேரத்துக்குள் ஐந்து எட்டுகள் கூடுதலாக வைக்க வேண்டுமானால் கால்களின் சுழற்சி எவ்வளவு விரைவாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காயங்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

கேள்வி: 2012இல் போல்ட்டை இருமுறை வென்றவர், லண்டனில் ஏன் தோற்றார்?

அந்த ஆண்டு ஜமைக்காவின் தேசியத் தேர்வில் 100 மீட்டரில் பிளேக் 9.75, போல்ட் 9.86. இரண்டு நாட்களுக்குப் பின் 200 மீட்டரில் பிளேக் 19.80, போல்ட் 19.83. உலகமே லண்டனைப் பற்றிக் கவலையோடும் ஆவலோடும் பேசத் தொடங்கியது. ஒலிம்பிக் இறுதியில் பிளேக் மீண்டும் அதே 9.75ஐ ஓடினார், அவர் தடுமாறவும் இல்லை, தளரவும் இல்லை. போல்ட்தான் 9.63க்கு உயர்ந்தார். 200 மீட்டரில் போல்ட் 19.32, பிளேக் 19.44, மூன்றாவதாக வாரன் வியர் வர, மூன்று பதக்கங்களும் ஜமைக்காவுக்கே போயின.

9.75 என்ற நேரம் அதற்கு முன் நடந்த ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிகளில் ஒன்றே ஒன்றைத் தவிர வேறு எதிலும் தங்கம் வாங்கியிருக்கும். அந்த ஒன்று 2008இல் பெய்ஜிங்கில் போல்ட் 9.69 ஓடியது. இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: தொடர் ஓட்ட அணியில் இருந்த நெஸ்டா கார்ட்டரின் ஊக்கமருந்து விவகாரத்தால் பிளேக்கின் பதக்கமும் போயிற்றா?

இல்லை. பறிக்கப்பட்டது 2008 பெய்ஜிங் பதக்கம். அந்த அணியில் பிளேக் இல்லை. 2011இல் தேகுவில் 37.04 விநாடியிலும், 2012இல் லண்டனில் 36.84 விநாடியிலும் உலகச் சாதனை படைத்த அணிகளில் கார்ட்டர், மைக்கேல் ஃபிரேட்டர், பிளேக், போல்ட் என்ற வரிசையில் ஓடினார்கள். அவ்விரு முடிவுகளும் அப்படியே நிற்கின்றன. இரண்டிலும் இரண்டாவது வளைவை ஓடியவர் பிளேக். கடைசி நேர்பாதையில் போல்ட் பாய்வதை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள் ஒளிப்பதிவை மறுபடி ஓட்டி, குறுந்தடி அவர் கைக்கு வரும் வரை என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுகிறேன். 2016இல் ரியோவில் கிடைத்த தங்கத்தையும் சேர்த்தால் அவருக்கு ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி.

கேள்வி: 9.69 விநாடி என்ற அவருடைய சிறந்த நேரத்தின் மதிப்பு என்ன?

2012 ஆகஸ்ட் 23 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அதை ஓடினார். 9.58 ஓடிய போல்ட்டுக்கு அடுத்த இடத்தில் டைசன் கேயும் பிளேக்கும் 9.69 என்ற ஒரே நேரத்துடன் நிற்கிறார்கள். ஆனால் 2009இல் ஷாங்காயில் கே ஓடியபோது, விதி அனுமதிக்கும் உச்சமான 2.0 மீட்டர் பின்காற்று இருந்தது. பிளேக் ஓடியபோது முகத்தில் மெல்லிய எதிர்க்காற்று, 0.1 மீட்டர். அன்று அவருக்கு அடுத்து வந்ததும் அதே கேதான். என் கணக்கில் அது போல்ட்டைத் தவிர வேறெவரும் ஓடாத தரத்தில் அமைந்த ஓட்டம். அப்போது பிளேக்குக்கு 22 வயது. அந்த நேரத்துக்கு அருகில்கூட அவர் மறுபடி வரவில்லை.

கேள்வி: அப்படியானால் 2012க்குப் பிறகு என்ன ஆயிற்று? ஏன் அந்த வேகம் திரும்பவில்லை?

தொடைப் பின்தசைதான் காரணம். 2013 ஏப்ரலில் கிங்ஸ்டனில் ஓடும்போது முதல் காயம்; மாஸ்கோ உலகப் போட்டியில் தன் பட்டத்தைக் காக்க அவரால் செல்ல முடியவில்லை. 2014 மே மாதம் பகாமாஸில் நடந்த தொடர் ஓட்டப் போட்டியில், 1994 முதல் நீடித்த 4x200 மீட்டர் உலகச் சாதனையை முறியடித்த ஜமைக்கா அணிக்குக் கடைசிச் சுற்றை ஓடி 1 நிமிடம் 18.63 விநாடியில் முடித்தார். மீண்டு வந்துவிட்டார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஜூலையில் கிளாஸ்கோவில் 100 மீட்டர் ஓட்டத்தின் நடுவே தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் தடத்தில் விழுந்ததைப் பார்த்தேன். இம்முறை அறுவைச் சிகிச்சை வரை சென்றது.

இந்தத் தசை ஏன் இப்படி வஞ்சிக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் வீசப்பட்ட கால், தரையைத் தொடுவதற்குச் சற்று முன் வேகத்தைத் தணித்துப் பின்னோக்கி இழுக்கப்பட வேண்டும். அந்தக் கணத்தில் பின்தசை நீண்டுகொண்டே சுருங்க முயல்கிறது. நீளும் தசை விசை கொடுப்பதுதான் அதற்கு மிகக் கடினமான வேலை. பெரும்பாலான கிழிசல்கள் அங்கேதான் நேர்கின்றன. ஒருமுறை கிழிந்த இடத்தில் உருவாகும் தழும்புத் திசு முந்தைய தசையைப் போல நெகிழாது. அதனால் ஒருமுறை காயம்பட்டவருக்கு மறுபடி காயம்படும் வாய்ப்பும் கூடுகிறது. ஆறிய பின்னும், முழு வேகத்தை எட்டும்போது உடல் தானாகவே எட்டைச் சற்றுக் குறுக்கிக்கொள்ளும். ஓடுகிறவருக்கே தெரியாமல் நடக்கும் அந்தத் தற்காப்பு, நூறு மீட்டரில் 0.1 விநாடியை எளிதாகத் தின்றுவிடும்.

மேலே சொன்ன 46 எட்டுகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் கிடைக்காததைச் சுழற்சியாலும் ஓயாத பயிற்சியாலும் ஈடுகட்டிய உடல் அது. எந்த உழைப்பு அவரை 22 வயதில் 9.69க்குக் கொண்டுபோனதோ அதே உழைப்பின் சுமையைத்தான் அந்தத் தசையும் தாங்கியது என்பது என் கணிப்பு. பிளேக்கின் ஓட்ட வாழ்க்கையைத் திசைதிருப்பியது போல்ட் என்று எழுதுகிறவர்கள் 2012உடன் கதையை முடித்துவிடுகிறார்கள். போல்ட்டுடன் மோதியபோது அவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தார். அவரை நிறுத்தியது கிளாஸ்கோ.

கேள்வி: காயத்துக்குப் பின் அவர் பெற்றவை எதுவும் சொல்லத்தக்கவையா?

2016இல் தேசியத் தேர்வில் 100, 200 இரண்டையும் வென்று ரியோ சென்றார். 100 மீட்டர் இறுதியில் 9.93 ஓடி நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.02 விநாடி. அங்கே தொடர் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடி, தன் பள்ளியிலேயே படித்த நிக்கல் ஆஷ்மீடிடம் தடியைக் கொடுத்தார்; தங்கம் கிடைத்தது. 2017 லண்டன் உலகப் போட்டியில் 9.99, மீண்டும் நான்காம் இடம். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் எல்லோரும் தங்கத்தை எதிர்பார்த்திருக்க, புறப்பட்டவுடன் தடுமாறி 10.19இல் வெண்கலம் பெற்றார். 2019 தோஹாவில் ஐந்தாம் இடம்.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. 2022 ஜூனில், 32 வயதில், தேசியத் தேர்வை 9.85 விநாடியில் வென்றார். 2012க்குப் பிறகு அவர் ஓடிய மிகச் சிறந்த நேரம் அதுவே. பத்தாண்டு காத்திருந்து கிடைத்த அந்த 9.85ஐ நான் அவருடைய பதக்கங்களுக்கு நிகராக மதிக்கிறேன்.

கேள்வி: ஓட்டத்துக்கு வெளியே அவர் ஏதேனும் தொண்டு செய்கிறாரா?

ஆம். தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஜமைக்காவில் உள்ள மவுண்ட் ஆலிவெட் என்ற சிறுவர் இல்லத்துக்கு உதவி வருகிறார்.

கேள்வி: இன்றைய ஜமைக்க இளைஞர்களில் பிளேக்கின் இடத்தை நிரப்பக்கூடியவர் யார்?

2022இல் பிளேக் 9.85 ஓடிய அதே தேர்வில் 9.88 ஓடி இரண்டாவதாக வந்த இளைஞர் ஒப்லிக் செவில். அவரும் கிளென் மில்ஸின் மாணவர்தான். உலகப் போட்டியில் 2022, 2023 இரண்டிலும் நான்காம் இடம், 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் எட்டாம் இடம் என்று பதக்கத்துக்கு வெளியேயே நின்றிருந்தவர், 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 9.77 ஓடி உலகச் சாம்பியன் ஆனார். 9.82இல் வெள்ளி பெற்ற கிஷேன் தாம்ப்சனும் ஜமைக்கர்; பாரிஸில் நோவா லைல்ஸிடம் விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கில் தங்கத்தை இழந்தவர். 2015இல் போல்ட் வென்ற பிறகு ஆண்கள் 100 மீட்டர் உலகப் பட்டம் ஜமைக்காவுக்குத் திரும்பியது இப்போதுதான். ஆனால் செவில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 24. பிளேக் அந்த வயதில் கிளாஸ்கோவில் விழுந்து கிடந்தார். இருவருடைய வாழ்க்கையையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி: பிளேக்கின் ஒரே ஓர் ஓட்டத்தை மட்டும் பார்ப்பதென்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

2011 செப்டம்பர் 16, பிரஸ்ஸல்ஸ், 200 மீட்டர். அந்த மாலை மக்கள் பார்க்க வந்தது போல்ட்டை. அவர் 100 மீட்டரை 9.76இல் வென்று அவர்களை மகிழ்வித்தார். பிளேக்கின் அதுவரையான சிறந்த 200 மீட்டர் நேரம் 19.78. அன்று அவர் ஓடியது 19.26. உலக அளவிலான ஓட்டக்காரர் ஒருவர் ஒரே இரவில் தன் நேரத்தை அரை விநாடிக்கு மேல் குறைப்பது கேள்விப்படாத ஒன்று. பெர்லினில் போல்ட் வைத்த 19.19 என்ற உலகச் சாதனைக்கு அடுத்த நேரமாக அது இன்றும் நிற்கிறது. இரண்டாவதாக வந்த வால்டர் டிக்ஸ் 19.53 ஓடினார், வேறெந்த நாளிலும் அதுவே தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

வெடிச்சத்தம் கேட்டுப் புறப்பட ஒருவர் எடுத்துக்கொள்ளும் எதிர்வினை நேரம் வழக்கமாக 0.15 விநாடி அளவில் இருக்கும். பெர்லினில் போல்ட்டுக்கு 0.133. பிரஸ்ஸல்ஸில் பிளேக்குக்கு 0.269. அதைக் கழித்துவிட்டு, கால்கள் ஓடிய நேரத்தை மட்டும் பார்த்தால் போல்ட் 19.057, பிளேக் 18.991. பிரஸ்ஸல்ஸில் 0.7 மீட்டர் பின்காற்றும் பெர்லினில் 0.3 மீட்டர் எதிர்க்காற்றும் இருந்ததால் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும், நேர்மையாகச் சொன்னால் இரண்டும் சமமான ஓட்டங்கள். அப்போதும் ஒருவர் 23 வயதை எட்டுகிற தறுவாயில் உலகச் சாம்பியனாகத் தன் உச்சத்தில் ஓடியவர், மற்றவர் 21 வயதில் அந்தத் தூரத்தை இன்னும் கற்றுக்கொண்டிருந்தவர்.

பார்க்கும்போது முதல் விநாடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மற்ற எல்லோரும் எழுந்து முதல் எட்டை வைக்கத் தொடங்கிய பிறகும் பிளேக் கட்டையில் குனிந்தபடியே இருப்பார். வளைவு முடியும் இடத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்பதை அதன் பிறகு பாருங்கள்.